வழியில் நின்ற மொபெட்: பட்டறை வரை தாங்கும் ஒட்டுவேலைகள் (கேள்வி பதில்)

கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவே, கரிசல் காட்டு ரோட்டில், பெடல் வைத்த ஒரு பழைய மொபெட்டை வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அது நிற்காத இடம் கிடையாது. பாலத்தின் மேல் நின்றிருக்கிறது, சுடுகாட்டுக்கு எதிரே நின்றிருக்கிறது, ஒருமுறை கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை காருக்குக் குறுக்காகவே நின்றது. அப்படி நின்ற வண்டியை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தாய் என்று ஊரில் பலரும் கேட்டதற்குச் சொன்ன பதில்கள்தான் இங்கே இருப்பவை. நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக் வீட்டுக்குப் போன பிறகு வண்டி நின்றவன், அவ்வளவுதான்.

எந்த வண்டிக்கு இதெல்லாம் பொருந்தும்?

மோட்டாரும் பெடலும் சேர்ந்ததால்தான் அதற்கு மொபெட் என்று பெயர். 1972-இல் வந்த லூனா, 1980-இல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50, இவற்றின் வம்சத்தில் வந்த எல்லா வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். சின்ன டூ-ஸ்ட்ரோக் என்ஜின், ஒரு கார்பரேட்டர், ஒரு பிளக், மிதித்தால் சுற்றும் பெடல். 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. அதற்குப் பெட்ரோலோடு கலக்கும் டூ-டி ஆயில் சமாச்சாரமும் கரி அடைக்கும் சைலன்சர் சமாச்சாரமும் பொருந்தாது. பஞ்சர், கேபிள், செயின், நட்டு போல்ட்டு எல்லாம் பொருந்தும்.

ஓடிக்கொண்டே இருந்த வண்டி பொத்தென்று நின்றுவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

முதலில் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். என்ஜின் சூடு ஆறட்டும், உங்கள் சூடும் ஆறட்டும். நின்ற வேகத்திலேயே பெடலை முப்பது மிதி மிதித்தால் பெட்ரோல் நிரம்பி பிளக் நனைந்துபோகும். அப்புறம் இருந்த கோளாறு எது, நாம் உண்டாக்கியது எது என்று தெரியாது.

டேங்கைத் திறந்து வண்டியை ஆட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பெட்ரோல் இல்லாமல் நின்ற வண்டிக்கு நானே பிளக்கைக் கழற்றித் துடைத்திருக்கிறேன். பெட்ரோல் இருந்தால் டேங்கில் இருந்து பெட்ரோலைத் திறந்துவிடும் டேப்பை ரிசர்வில் வைத்துப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்டில்தான் கோளாறு என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தால் கரண்ட்டை விட்டுவிட்டு டேங்க், டியூப், கார்பரேட்டர் என்று மேலிருந்து கீழே தேடி வரலாம். இந்த ஒரு சோதனை பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். கழற்றிய பிளக்கை அதன் கேப்பிலேயே செருகி, பிளக்கின் மரைப் பகுதி என்ஜினில் ஏதாவது ஒரு வெறும் இரும்பைத் தொடும்படி வைத்துக்கொண்டு பெடலை அடியுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நீலமாக, டிக் டிக்கென்று பொறி வந்தால் சரி. மஞ்சளாக, இழுத்துக்கொண்டு வந்தால் பலவீனம். வெயிலில் பொறி தெரியாது, உடம்பால் நிழல் கட்டிக்கொள்ளுங்கள். கேப்பைக் கையால் பிடிக்காமல் துணியாலோ ரப்பராலோ பிடியுங்கள். பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் ஒருமுறை பிடித்துப் பார்க்கலாம். மறுமுறை கேட்க மாட்டார்கள்.

பொறி வரவில்லை. கையில் புது பிளக்கும் இல்லை. என்ன செய்யலாம்?

பழைய பிளக்கைப் பாருங்கள். இரண்டு முனைக்கும் நடுவே கரி ஒரு பாலம் போலப் படிந்திருந்தால் அதுதான் காரணம். ஊசியாலோ குண்டூசியாலோ சுரண்டி எடுத்து, உப்புத்தாளை மடித்து லேசாகத் தேயுங்கள். வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருந்தால் அந்த பிளக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். முனைகளுக்கு நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். அளவுகோல் இல்லாத இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்து நுழைத்துப் பார்ப்பேன். இறுக்கமாக நுழைந்தால் போதும்.

எண்ணெய்ப் பிசுக்கோடு நனைந்த பிளக்கை லைட்டரில் முனையைக் காட்டிச் சூடாக்கி மாட்டினால் பல சமயம் உடனே பிடித்துக்கொள்ளும். டேங்கில் இருந்து பத்து அடி தள்ளிப் போய்ச் செய்யுங்கள்.

பிளக் நன்றாக இருந்தும் பொறி இல்லை, வண்டியும் பாயின்ட் செட் (பொறிக்கான கரண்ட்டை விட்டு விட்டுத் தொடும் இரண்டு சின்ன வாய்) உள்ள பழைய வண்டி என்றால், மேக்னட் மூடியைக் கழற்றிப் பாயின்ட்டின் இரண்டு வாயையும் பாருங்கள். கறுத்திருந்தால் உப்புத்தாளில் ஒரு சின்னத் துண்டை நடுவில் நுழைத்து இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். உப்புத்தாள் இல்லையா? தீப்பெட்டியின் மருந்துப் பட்டையைக் கிழித்து இழுங்கள். இழுத்த பிறகு வெறும் காகிதத்தை விட்டுத் தூசியைத் துடைக்க மறக்காதீர்கள். மறந்தால் பழைய குருடி கதைதான்.

பிளக் கேப் உடைந்திருந்தால், ஒயரின் நுனியை உரித்து பிளக் தலையில் நேராகச் சுற்றி, மேலே சைக்கிள் டியூப் துண்டைப் போர்த்திக் கட்டுங்கள். ஓடும். மழை பெய்தால் ஓடாது.

வண்டி மூன்று கிலோமீட்டர் ஓடும், நிற்கும். கொஞ்சம் கழித்து எடுத்தால் மறுபடி மூன்று கிலோமீட்டர். என்ன வியாதி இது?

இது என்னை ஒரு ஐப்பசி மாதம் முழுக்க அலைய வைத்த வியாதி. பிளக் மாற்றினேன், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பெட்ரோலை வடிகட்டினேன். கடைசியில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. டேங்க் மூடியைத் திருகினார். புஸ் என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. “வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி, டேங்குக்குத்தான் மூச்சுமுட்டுது” என்றார்.

மழைத்தண்ணீர் போகக்கூடாது என்று மூடி மேல் பாலிதீன் பையை வைத்து ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே வரவேண்டும். அதை அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் விட்டால் எப்படியோ சிறிது காற்று கசிந்து உள்ளே போகும், மறுபடி மூன்று கிலோமீட்டர் ஓடும்.

உங்கள் வண்டியும் இப்படிச் செய்தால் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியானால் நோய் தெரிந்துவிட்டது. ஊசியால் துவாரத்தைக் குத்திவிடுங்கள். அதுவரை மூடியை அரைச் சுற்று தளர்த்தி வைத்து மெதுவாக ஓட்டலாம், ஆனால் பெட்ரோல் சிந்துகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும்.

கார்பரேட்டர் அடைத்திருக்கிறது என்று தெரிகிறது. கழற்றாமல் ஏதாவது செய்யமுடியுமா?

ஒரு தந்திரம் உண்டு. வண்டியை எப்படியாவது ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் திருகியபடியே சோக்கைப் போட்டு எடுங்கள். ஏர் ஃபில்டர் இல்லாத நிலையில் என்றால் காற்று வரும் வாயை உள்ளங்கையால் ஒரு நொடி மூடித் திறக்கலாம். காற்று வழி அடைபட்டதும் என்ஜின் பெட்ரோலை மூர்க்கமாக இழுக்கும். அந்த இழுப்பில் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்ன ஓட்டைத் திருகில், உட்கார்ந்திருக்கும் தூசி பல சமயம் போய்விடும்.

போகவில்லை என்றால் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும். வண்டிக்கடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு கழற்றுங்கள். அந்தச் சின்னத் திருகு புல்லில் விழுந்தால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போய்விடும். ஜெட்டை வாயால் ஊதுங்கள். வானத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக வெளிச்சம் தெரியவேண்டும். இரும்புக் கம்பியையோ ஊசியையோ ஜெட்டுக்குள் விடாதீர்கள். அது பித்தளை, ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் வண்டி பெட்ரோல் குடிக்கும். மின்சார ஒயரைப் பிரித்து அதில் ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து விடலாம், அல்லது தூண்டில் நரம்பு. கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் குண்டு போல உருண்டு கிடப்பது தண்ணீர். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இந்தத் தொல்லை அதிகம்.

பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறது. எதை வைத்து அடைப்பது?

சலவை சோப்பு. பார் சோப்பை லேசாக நனைத்துப் பிசைந்து, விரிசலில் அழுத்தித் தேய்த்து நிரப்புங்கள். ஃபெவிக்விக், பஞ்சர் சொலூஷன், சூயிங்கம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சொலூஷனைப் பெட்ரோலே கரைத்துவிடும். சோப்பு பெட்ரோலில் கரையாது. ஆனால் தண்ணீரில் கரையும், அதனால் மழையில் உதவாது. ஊசித்துளை என்றால் சோப்பிலேயே வாரக்கணக்கில் ஓடிய வண்டியைப் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை என்றாலும்.

பிசைந்து ஒட்டும் எம்-சீல் போடுவதென்றால் டேங்கைக் காலிசெய்து, பெயின்ட்டைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்துப் போடவேண்டும். ஒழுகிக்கொண்டிருக்கும்போதே அப்பினால் ஒட்டாது. டேங்கில் வெல்டிங் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அவரைவிட்டுத் தள்ளி நில்லுங்கள். காலியான டேங்க்தான் நிரம்பிய டேங்கைவிட மோசமாக வெடிக்கும். உள்ளே இருப்பது முழுக்க ஆவி.

ஒழுகுவது டியூபில் என்றால் சுலபம். அநேகமாக நுனியில்தான் விறைத்து வெடித்திருக்கும். அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி செருகுங்கள்.

ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது.

அறுந்தது எந்த முனை என்று பாருங்கள். பெரும்பாலும் கைப்பிடிப் பக்கம்தான் போகும், ஒவ்வொரு திருகலுக்கும் கம்பி அங்கேதான் மடங்குகிறது. ஒரு நாளில் அறுவதும் இல்லை. முதலில் ஒரு இழை, பிறகு இன்னொன்று. திருகும்போது முள் குத்துவது போல ஒரு கரகரப்பு கைக்குத் தெரியும். அன்றே மாற்றியிருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

கைப்பிடிப் பக்கம் அறுந்திருந்தால் நுனியில் இருந்த குண்டு மட்டும் போயிருக்கும், கம்பி இருக்கும். புதுக் குண்டு வேண்டும். அதற்கு நான் பெட்டியில் வைத்திருப்பது வீட்டு ஒயரிங்கில் இரண்டு ஒயரை இணைக்கப் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டர். பிளாஸ்டிக்கை அறுத்துப் போட்டால் உள்ளே சின்னப் பித்தளைக் குழாயும் இரண்டு திருகும் இருக்கும். கேபிள் கம்பியை அதில் நுழைத்து, நுனியை மடித்து மறுபடி நுழைத்து, இரண்டு திருகையும் முடிந்தமட்டும் இறுக்குங்கள். அதைக் கைப்பிடிக்குள் குண்டு உட்காரும் இடத்தில் உட்கார வைக்கவேண்டும். கம்பி ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். கேபிள் உறையின் நுனியில் இருக்கும் அட்ஜஸ்ட்டரை உள்ளே திருகினால் அந்த நீளம் திரும்பக் கிடைக்கும்.

கார்பரேட்டர் பக்கம் அறுந்திருந்தால் இது நடக்காது. அப்போது கார்பரேட்டரில் இருக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவை (கைப்பிடியைத் திருகாதபோது என்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) உள்ளே திருகி என்ஜின் வேகத்தைக் கூட்டுங்கள். மொபெட்டில் கிளட்ச் தானாகப் பிடிப்பதால், வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் வண்டி நகரத் தொடங்கிவிடும். ஆள் ஓட்டம் அளவுக்கு வேகம் வந்தால் போதும், அதற்கு மேல் திருகாதீர்கள். இது நினைக்கிற அளவுக்குச் சாதுவான வித்தை இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் என்ஜின் வேகம் குறையாது, பிரேக்தான் இழுத்துப் பிடிக்கவேண்டும். கட்டைவிரல் ஆஃப் சுவிட்ச் மேலேயே இருக்கட்டும். பஜாருக்குள் நுழையும் முன் அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள்.

எந்த வேலை செய்தாலும் கிளம்பும் முன் ஒரு சோதனை. சென்டர் ஸ்டாண்டில் என்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். எந்தப் பக்கமாவது என்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது. அப்படியே ஓட்டினால் வளைவில் வண்டி தானாகச் சீறும்.

பிரேக் கேபிள் அறுந்தால்?

இதற்கு ஒட்டுவேலை கிடையாது. தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். ஒரு பிரேக் நன்றாக இருந்தால், சமதளத்தில், நடை வேகத்தில், பக்கத்துப் பட்டறை வரை போகலாம். கனெக்டர் வித்தையை பிரேக்கில் செய்யாதீர்கள். ஆக்சிலேட்டர் கம்பியை இழுப்பது இரண்டு விரல், பிரேக் கம்பியை இழுப்பது பயந்துபோன மனிதனின் முழுக்கை.

செயின் கழன்றுவிட்டது, அதன் இரண்டு முனையையும் பூட்டும் செயின் லாக்கைக் காணோம்.

பின்னால் நூறு அடி நடந்து தேடுங்கள். பட்டையான துண்டு பெரும்பாலும் கிடைக்கும், அந்த மீன் வடிவ கிளிப் கிடைக்காது. பட்டை கிடைத்தால் பிழைத்தீர்கள். செயினைப் பூட்டி, பட்டையை மாட்டி, பின்களின் நுனியில் கிளிப் உட்காரும் பள்ளத்தில் கட்டுக்கம்பியை எட்டு என்ற எண் போலச் சுற்றுங்கள். மூன்று சுற்று சுற்றி, கொறடால் முறுக்கி, நுனியைச் செயினோடு படிய மடக்கிவிடுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் மாட்டும். என் கம்பி ஒருமுறை பதினெட்டு கிலோமீட்டர் தாங்கியது. பதினெட்டும் ஆக்சிலேட்டரை மென்மையாகத் திருகியே வந்தேன்.

பெடல் செயினில் இருந்து ஒரு கண்ணியைக் கழற்றி என்ஜின் செயினில் போடலாமா என்று கேட்பார்கள். என் வண்டியில் இரண்டுக்கும் கண்ணி நீளம் ஒன்றுதான், அகலம் வேறு. சைக்கிள் கண்ணி குறுகலானது, ஸ்பிராக்கெட் பல்லில் இறங்காது. அதைவிட ஒரு நல்ல செய்தி: என்ஜின் செயின் போனால் பின்சக்கரத்தை என்ஜின் பிடித்துக்கொள்ளாது. செயினைச் சாக்கில் போட்டுக்கொண்டு சைக்கிள் மாதிரி மிதித்து வீட்டுக்கு வாருங்கள்.

புது லாக் போடும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கவேண்டும். பிளந்த பக்கம் முன்னால் இருந்தால் ஏதாவது தட்டிக் கழன்றுவிடும். முதல் லாக் காணாமல் போனதே அதனால்தானோ என்னவோ.

பஞ்சர். பஞ்சர் கடை எட்டு கிலோமீட்டர் தள்ளி.

எங்கள் பக்கம் பஞ்சர் என்றாலே சீமைக்கருவேல முள். டயரைக் குத்திவிட்டு உள்ளேயே முறிந்து உட்கார்ந்துகொள்ளும். டியூபை ஒட்டிவிட்டு முள்ளை விட்டுவிட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். அதனால் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். விரலால் தடவினால் விரலிலும் பஞ்சர்; கொஞ்சம் பஞ்சையோ கிழிந்த துணியையோ உள்ளே சுற்றி இழுங்கள், முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும்.

சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லிவரால் நெம்பி, அந்த இடத்து டியூபை வெளியே இழுத்தால் போதும். தண்ணீர்த் தொட்டிக்கு எங்கே போவது? சந்தேகப்பட்ட இடத்தில் எச்சிலைத் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வு நுனியிலும் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சிலநேரம் பஞ்சரே இருக்காது, வால்வு பின் தளர்ந்திருக்கும்.

சொலூஷனும் ஒட்டும் இருந்தால் ஒட்டிவிடலாம். ஓர் அவசரம் மட்டும் கூடாது: சொலூஷன் தடவியதும் உடனே ஒட்டாதீர்கள், தொட்டால் விரலில் பிசுபிசுக்காத அளவுக்குக் காயட்டும். ஒன்றுமே இல்லை என்றால் ஓட்டை உள்ள இடத்தை மட்டும் குடுமி பிடிப்பது போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் பழைய டியூபில் வெட்டிய மெல்லிய ரப்பர் நாடாவை இழுத்து இழுத்து இருபது சுற்று சுற்றிக் கட்டுங்கள். நூலால் கட்டினால் கசியும், ரப்பர்தான் கவ்விப் பிடிக்கும். காற்றைக் குறைவாக அடித்து, பாரம் எல்லாம் இறக்கிவிட்டு மெதுவாகப் போகலாம். குடுமி இருக்கும் இடத்தில் சக்கரம் லேசாகத் துள்ளும், அது இருக்கத்தான் செய்யும்.

டியூபே நார் நாராகிவிட்டால் கடைசி வழி வைக்கோல். டியூபை எடுத்துவிட்டு டயருக்குள் வைக்கோலை முறுக்கி முறுக்கித் திணிப்பது. எவ்வளவு திணித்தாலும் போதாது, ஓடும்போது பொடிந்து இறங்கும். பின்சக்கரத்துக்கு மட்டும், சைக்கிள் வேகத்துக்கும் கீழே. முன்சக்கரத்தில் இதைச் செய்துகொண்டு உட்காரவே கூடாது.

காற்றில்லாத டயரோடு அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைக்கவேண்டாம். டயர் ரிம்மில் வழுக்கும், டியூப் கூடவே நகரும், வால்வு கழுத்தோடு பிய்ந்துவிடும். கழுத்துப் பிய்ந்த டியூபுக்கு ஒட்டு இல்லை.

டயரே வெட்டுப்பட்டு டியூப் வெளியே எட்டிப் பார்க்கிறது.

உள்பக்கமாக ஒரு பட்டை வைத்துக் காற்றடியுங்கள். பழைய டயர்த் துண்டு, தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டிய மெல்லிய துண்டு, எதுவும் இல்லாவிட்டால் நான்காக மடித்த பற்பசைக் குழாய். விளிம்பு கூராக இருந்தால் அதுவே டியூபை அறுக்கும், வழித்து விடுங்கள்.

ஸ்போக்ஸ் ஒன்று ஒடிந்துவிட்டது.

ஒடிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டிவிடுங்கள். தொங்கவிட்டால் செயினிலோ பிரேக்கிலோ மாட்டும். ஒன்று போனால் ஓட்டலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று போனால் ரிம் நெளியும், இறங்கித் தள்ளுங்கள்.

சைலன்சர் டபடபவென்று அடிக்கிறது, அல்லது வண்டி இழுக்கவே இல்லை.

டபடப என்றால் என்ஜினோடு சேரும் இடத்தில் நட்டு தளர்ந்திருக்கும். ஆறிய பிறகு இறுக்குங்கள். குழாயே ஓட்டை என்றால் பால்பவுடர் தகர டப்பாவை வெட்டிச் சுற்றி, கட்டுக்கம்பியால் இரண்டு இடத்தில் முறுக்குங்கள். எம்-சீல், டேப் எல்லாம் அந்தச் சூட்டில் கருகிப்போகும்.

இழுக்கவில்லை என்றால் வால் பக்கம் கரி அடைத்திருக்கலாம். டூ-ஸ்ட்ரோக்குக்குப் புகை வெளியே போனால்தான் புது மூச்சு உள்ளே வரும். சைலன்சர் வாலைக் கழற்றி உள்குழாயைக் கம்பியால் குத்திக் கரியைக் கொட்டுங்கள். கொஞ்ச நாளைக்கு வண்டி இளமையாக இருக்கும்.

டூ-டி ஆயில் கிடைக்கவில்லை. வெறும் பெட்ரோலில் ஓட்டலாமா?

ஓட்டக்கூடாது. அந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே மசகு. லிட்டருக்கு 20 மில்லி முதல் 40 மில்லி வரை வண்டிக்கு வண்டி மாறும், அதற்கான ஸ்டிக்கரைப் பாருங்கள். வேறு வழியில்லாத இடத்தில் ஒருமுறை சாதாரண என்ஜின் ஆயிலைக் கலந்து மெதுவாக வரலாம். புகை அடிக்கும், பிளக்கில் கரி ஏறும், ஆனால் என்ஜின் பிழைக்கும்.

வீட்டு எண்ணெய்களில் விளக்கெண்ணெய்க்கு ஒரு பெருமை உண்டு. முதல் உலகப் போர்க்கால விமான என்ஜின்கள் பலவற்றுக்கு அதுதான் மசகு. அதைக் கேட்டுவிட்டு எங்கள் சித்தப்பா ஒருமுறை டேங்கில் ஊற்றினார். அது பெட்ரோலோடு சரியாகக் கலக்காது. அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கார்பரேட்டரைக் கழுவியவன் நான்.

நட்டு போல்ட்டு கழன்று விழுந்துகொண்டே இருக்கிறது.

சின்ன என்ஜின் ஓயாமல் அதிரும், எதுவும் நிற்காது. நம்பர் பிளேட், மட்கார்டு, சைலன்சர் கிளாம்ப் மாதிரி இடங்களில் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டுவதைப் போல ஒரு வைத்தியம் இல்லை. கம்பி அதிர்வில் அறுந்துவிடும், ரப்பர் விட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். மரை தேய்ந்த ஓட்டையில் போல்ட் நிற்காவிட்டால் இரண்டு மூன்று செம்பு இழையை ஓட்டைக்குள் விட்டுப் போல்ட்டை முறுக்குங்கள். பிளக் ஓட்டையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பிளக் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும்.

நான் வைத்திருப்பது என்ஜின் கிட் மாட்டிய சைக்கிள். இதே வைத்தியம்தானா?

பாதி இதேதான். 80 சிசி என்று விற்கும் சீனக் கிட்டுகள் உண்மையில் 66 சிசி அளவுதான். அவற்றில் இரண்டு இடத்தை அடிக்கடி பாருங்கள்: என்ஜினை ஃப்ரேமோடு பிடிக்கும் போல்ட்டுகள், பின்சக்கர ஸ்போக்ஸில் ரப்பர் வைத்து இறுக்கிய ஸ்பிராக்கெட். ரப்பர் நசுங்கினால் ஸ்பிராக்கெட் ஆடி, செயின் கழன்று, ஸ்போக்ஸை வாரிக்கொண்டு போகும். வழியில் நேர்ந்தால் செயினைக் கழற்றிவிட்டு மிதித்து வரவேண்டியதுதான். இன்னொன்று: 25 சிசிக்கு மேல் என்றால் நம் சட்டப்படி அது மோட்டார் வாகனம்தான். சைக்கிள்தானே சார் என்று ரோட்டில் நின்று சொல்லிப் பயனில்லை.

எதையெல்லாம் தொடவே கூடாது?

பிரேக்கைச் சொல்லிவிட்டேன். அதோடு முன்ஃபோர்க், ஹேண்டில்பார் தண்டு, முன் ஆக்சில், ஃப்ரேமில் விரிசல். கம்பு வைத்துக் கட்டி ஓட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திறமைசாலிகள் இல்லை, அன்றைக்கு நேரம் நன்றாக இருந்தது. இவற்றில் எது போனாலும் ஒரு டாட்டா ஏஸை நிறுத்திக் கேளுங்கள்.

சரி, சீட்டுக்கடியில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், கொறடு, இரண்டு பக்கமும் முனை உள்ள திருப்புளி. ஒரு முழம் கட்டுக்கம்பி, பழைய டியூபில் வெட்டிய நாடா ஒரு சுருள், ஒரு செயின் லாக், இரண்டு பித்தளைக் கனெக்டர், உள்ளங்கை அளவு உப்புத்தாள், பாதி தேய்ந்த பார் சோப்பு. அந்தச் சோப்பு வேலை முடிந்து கை கழுவவும் உதவும். 100 மில்லி டூ-டி ஆயில் பாட்டில் எப்போதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பழைய சட்டைத் துணியில் சுற்றியிருக்கிறேன், அந்தத் துணிதான் அதிகம் வேலை செய்கிறது.

இப்படிக் கட்டியதை எத்தனை நாள் ஓட்டலாம்?

பட்டறை திறக்கும்வரை. நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: எதைக் கட்டினாலும் ஹேண்டில்பாரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன், வேலையை முறையாகச் செய்த பிறகுதான் அவிழ்ப்பேன். இல்லாவிட்டால் நன்றாகத்தானே ஓடுகிறது என்று மறந்துபோகும். போன மாதம் என் தங்கை மகன் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது “மாமா, சாமி கயிறா?” என்று கேட்டான். செயின் லாக் என்றேன். இறங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.